ஷிப்டுக்குக் கிளம்பும் கணவர்: அல்சைமர் உள்ள வீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரிட்டையராகிப் பல வருஷமான துறைமுகத் தொழிலாளி சாயங்காலம் சட்டையை மாட்டிக்கொண்டு, "நைட் ஷிப்டுக்கு லேட்டாயிடுச்சு" என்கிறார். "வேலைய விட்டு எத்தனை வருஷமாச்சு, நெனப்பிருக்கா?" என்று மனைவி கேட்கிறார். முதல் தவறு இந்தக் கேள்விதான். புது விஷயத்தைப் பதியவைக்கும் மூளைப்பகுதி அல்சைமர் என்னும் இந்த மறதி நோயில் ஆரம்பத்திலேயே அடிபடுகிறது. அதனால் நீங்கள் திருத்திச் சொன்னது தங்காது, அதட்டல் வாங்கிய கோபம் மட்டும் தங்கும். "இன்னும் நேரமிருக்குங்க, டீ குடிச்சிட்டுப் போலாம்" என்றால் பெரும்பாலும் அடங்கிவிடுவார். பொய்தான், பரவாயில்லை. இருட்டினால் குழப்பம் கூடும். சந்து வீடுகளில் ஐந்து மணிக்கே டியூப்லைட்டைப் போட்டுவிடுங்கள். பேரனைக் காட்டி "இது யாரு, சொல்லுங்க" என்று பரீட்சை வைப்பதும் வேண்டாம்.

"குளிக்கிறீங்களா?" என்று கேட்டால் பதில் "வேணாம்" என்றுதான் வரும். பக்கெட்டில் வெந்நீரை விளாவி வைத்துவிட்டு, "தண்ணி ஆறிடும், வாங்க" என்று சொம்பை அவர் கையில் கொடுங்கள். முதல் சொம்பு காலில் விழட்டும், தலையில் அல்ல.

மருந்தில் நடக்கும் தவறுகள்தான் ஆபத்தானவை. அல்சைமருக்கு டாக்டர் எழுதித் தரும் டொனெபெசில் மாத்திரை வழக்கமாக 5 மில்லிகிராமில் தொடங்கி, 4 முதல் 6 வாரம் கழித்து 10 ஆகும். போன ஞாபகத்தை அது திருப்பித் தராது. சரிவைக் கொஞ்சம் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். "ஒரு முன்னேற்றமும் இல்லை" என்று நீங்களே நிறுத்தாதீர்கள். மயக்கம் வந்தாலோ நாடித்துடிப்பு குறைந்தாலோ அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள். சளிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் மாத்திரையில் குளோர்பெனிரமின் இருக்கிறதா என்று பாருங்கள். டொனெபெசில் மூளையில் கூட்டப் பார்க்கும், ஞாபகத்துக்கு உதவும் ரசாயனமான அசிடைல்கோலினின் வேலையையே அது தடுக்கிறது.

நேற்றுவரை நன்றாகப் பேசியவர் ஒன்றிரண்டு நாளில் உளறினால், "நோய் முத்திடுச்சு" என்று உட்கார்ந்துவிடாதீர்கள். அல்சைமர் அவ்வளவு வேகமாக ஓடாது. சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், கத்திரி வெயிலில் தண்ணீர் குடிக்க மறந்தது என்று வேறு காரணம் இருக்கும். சாப்பிடும் மாத்திரை அட்டை அத்தனையையும் எடுத்துக்கொண்டு சென்னை ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரிக்கோ பக்கத்து ஆஸ்பத்திரிக்கோ உடனே போங்கள்.

அக்கம்பக்கத்தில் மறைப்பது இன்னொரு தவறு. காசிமேடு பக்கம் வழி தவறினால் ஒருபுறம் கடல், மறுபுறம் எண்ணூர் விரைவுச்சாலையின் கன்டெய்னர் லாரிகள். டீக்கடை, ஆட்டோ ஸ்டாண்டு, ரேஷன் கடை மூன்றிலும் சொல்லிவையுங்கள். சட்டைக் காலரின் உட்புறம் அழியாத மையில் போன் நம்பர் எழுதுங்கள். கதவின் உச்சியில் ஒரு தாழ்ப்பாள் போடலாம். ஆனால் அவரைத் தனியே உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போகக்கூடாது. காணோம் என்றால் காத்திருக்காமல் 112-க்கு அடியுங்கள். ஒருவர் பழைய வேலையிடத்துக்கும் முன்பு குடியிருந்த தெருவுக்கும் ஓடட்டும்.

பணம், சொத்து விஷயங்களைப் பார்க்க அவரிடம் பவர் (பவர் ஆஃப் அட்டர்னி) எழுதி வாங்கினால் போதும் என்பதும் தப்புக்கணக்கு. எழுதிக் கொடுத்தவர் சுயபுத்தியை இழந்துவிட்டால் அந்தப் பவர் சட்டப்படி செல்லாது. அவர் புரிந்துகொண்டு கையெழுத்துப் போடும் நாளிலேயே, உங்கள் இருவரில் யார் வேண்டுமானாலும் பணம் எடுக்கும்படி வங்கிக் கணக்கை மாற்றிவிடுங்கள்.