பழைய கடற்கரை ஹோட்டலின் வரலாற்றைத் தேடி எழுதுவது எப்படி

நூறு வயது தாண்டிய ஹோட்டலுக்குப் பிறந்தநாள் ஒன்றல்ல. கம்பெனி பதிவான நாள், அடிக்கல் நாட்டிய நாள், முதல் விருந்தினர் தங்கிய நாள், இன்று நிற்கும் கட்டடம் திறந்த நாள் எல்லாம் வேறு வேறு. சிங்கப்பூர் ராஃபிள்ஸ் ஹோட்டல் 1887இல் ஒரு பங்களாவில் தொடங்கியது. படங்களில் வரும் முதன்மைக் கட்டடம் 1899இல்தான் திறந்தது. ஆகவே நோட்டில் இந்த நான்குக்கும் தனித்தனிப் பத்தி போடுங்கள். ஒவ்வொரு தேதிக்கும் எதிரே அது கிடைத்த இடத்தையும் குறியுங்கள். ஹோட்டலே அச்சடித்த கையேட்டைக் கடைசியாகப் பாருங்கள். கிடைத்ததில் மிகப் பழைய ஆண்டைத்தான் அது பெரும்பாலும் தூக்கிப் பிடிக்கும்.

பழைய நாளிதழ்களில் "அடுத்த மாதம் திறப்பு" என்ற அறிவிப்பை நம்பி ஏமாறுபவர்கள் நிறைய. வேலை இழுத்திருக்கலாம். திறப்பு விழா நடந்த பிறகு வந்த செய்தியே சான்று. ஹோட்டலின் பெயர் மாறியிருக்கும் என்பதால் தெருப்பெயர், உரிமையாளர் பெயர் இரண்டையும் வைத்துத் தேடுங்கள். அடமானப் பத்திரமும் மேசை நாற்காலி ஏல விளம்பரமும் கண்ணில் பட்டால் விடாதீர்கள். கையேடு மறைத்த திவால் கதை அங்கேதான் இருக்கும். சில ஆண்டுகள் விளம்பரமே வராமல் போனால் போர்க்காலமா என்று பாருங்கள். மும்பை தாஜ்மகால் ஹோட்டல் முதல் உலகப் போரில் 600 படுக்கை மருத்துவமனையாக இயங்கியது.

அஞ்சலட்டைகள் தாராளமாகக் கிடைக்கும், ஆனால் தபால் முத்திரையை வைத்துப் படத்துக்கு வயது சொல்லாதீர்கள். பழைய இருப்பைப் பல வருடம் விற்பது வழக்கம். படம் முத்திரைக்கு முந்தியது என்பது மட்டும்தான் உறுதி. அட்டையின் பின்புறம் நடுக்கோட்டால் பிரிக்கப்பட்டிருந்தால், பிரிட்டனில் அது 1902க்கும் அமெரிக்காவில் 1907க்கும் முந்தியதாக இருக்காது. இதைவிட நல்ல சாட்சி பக்கத்துக் கட்டடம். தாஜ் திறந்தது 1903. எதிரே உள்ள கேட்வே ஆஃப் இந்தியா திறந்தது 1924. திறந்த தாஜும் கேட்வே நிற்கும் இடமும் சேர்ந்து தெரியும் படத்தில் முழுமையான கேட்வே இல்லையென்றால், அது இரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தது.

கட்டடத்தைப் பார்க்கப் போகும்போது கடலுக்கு முதுகைக் காட்டும் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். எல்லோரும் படமெடுக்கும் கடல்முகப்பே அதிகம் பொய் சொல்லும் பக்கம். உப்புக்காற்று இரும்புக் கைப்பிடியை அரிக்கும். கான்கிரீட்டுக்குள் உப்பு இறங்கினால் கம்பி துருப்பிடித்து வீங்கும், மேற்பூச்சு வெடித்து உதிரும். அதனால் அந்த முகப்பில் பூச்சு, ஜன்னல், கிராதி எல்லாம் பலமுறை மாறியிருக்கும். பின்சுவர், உள்முற்றம், கூரையடி அறை, வேலையாட்கள் ஏறும் மாடிப்படி ஆகிய இடங்களில்தான் பழைய மரமும் பூட்டும் தப்பிப் பிழைக்கும். செங்கல் வரிசைகள் ஒன்றுக்குள் ஒன்று பின்னாமல் நேர்கோடாகப் பிளந்து நின்றால், அங்கே பின்னால் ஒட்டிக் கட்டியிருக்கிறார்கள். எண் போட்டுப் படம் எடுங்கள். அந்தக் கோடு எந்த விரிவாக்கத்தைச் சேர்ந்தது என்பதைப் பழைய கட்டட வரைபடத்தோடு ஒப்பிட்டு முடிவு செய்யுங்கள்.

கரையோரத்தின் பழைய வரைபடமும் வேண்டும். ராஃபிள்ஸ் இருப்பது பீச் ரோட்டில், ஆனால் கடலைத் தூர்த்து நிலமாக்கியதால் இன்று வாசலில் அலை இல்லை. இதைக் கவனிக்காவிட்டால் பழைய விருந்தினர் எழுதிய அலைச்சத்தம் புளுகாகத் தோன்றும்.

பிறகு கட்டுக்கதைகள். தாஜை முன்பக்கம் பின்பக்கமாகத் திருப்பிக் கட்டிவிட்டார்கள், அதைக் கண்டு கட்டடக் கலைஞர் உயிரை மாய்த்துக்கொண்டார் என்று ஒரு கதை உலவுகிறது. தொடக்கத்தில் வடிவமைத்த சீதாராம் கண்டேராவ் வைத்யா கட்டடம் முடியும் முன்பே இறந்துவிட்டார், முடித்தவர் டபிள்யூ. ஏ. சேம்பர்ஸ். முடிந்த கட்டடத்தை வைத்யா பார்க்கவே இல்லை என்ற ஒரு தகவல் போதும், கதை நிற்காது. இப்படிப்பட்டவற்றை அழித்துவிடாமல் "சொல்லப்படுவது" என்ற தனிப் பத்தியில் வைத்து, எந்த ஆண்டில் முதலில் அச்சேறியது என்று தேடுங்கள். சம்பவம் நடந்ததாகச் சொல்லும் காலத்துக்குப் பல பத்தாண்டு கழித்து அது தலைகாட்டினால், வரலாற்றில் அதன் இடம் அந்தப் பிந்திய ஆண்டுதான்.