கூகுள் லாக்கில் மாட்டிக்கொள்ள வைக்கும் தவறுகள்

அப்பாவின் பழைய போனை அத்தைக்குக் கொடுக்கலாம் என்று எடுத்தேன். பேட்டர்ன் அவருக்கு மறந்துவிட்டது. சரி, அழித்துவிட்டால் போகிறது என்று பவர் பட்டனையும் வால்யூம் பட்டனையும் சேர்த்து அழுத்தி, ரெக்கவரி மோடுக்குப் போய் ஃபேக்டரி ரீசெட் செய்தேன். போன் புதிதுபோல எழுந்தது. வைஃபை கேட்டது, கொடுத்தேன். அடுத்த திரையிலேயே, இதில் முன்பு இருந்த கூகுள் அக்கவுண்ட்டைப் போட்டால்தான் உள்ளே விடுவேன் என்று நின்றுவிட்டது. அப்பாவிடம் கேட்டால், "எனக்கு ஏதுடா ஜிமெயில்?" என்கிறார். வாங்கிய அன்று கடைக்காரப் பையனே ஒரு ஐடியைப் போட்டுக் கொடுத்திருக்கிறான். பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது.

மொபைல் கடைகளில் இதை எஃப்ஆர்பி (ஃபேக்டரி ரீசெட் ப்ரொடெக்‌ஷன்) லாக் என்றோ கூகுள் லாக் என்றோ சொல்வார்கள். 2015இல் ஆண்ட்ராய்டு 5.1 உடன் வந்தது. போனில் கூகுள் அக்கவுண்ட் ஏற்றி, திரைக்குப் பின் நம்பர் அல்லது பேட்டர்ன் வைத்தாலே இது தானாக வேலை செய்யத் தொடங்கிவிடும். தனியாக ஆன் செய்ய வேண்டியதில்லை. இன்னாருடைய போன் என்ற அடையாளம், ரீசெட் செய்தாலும் அழியாத தனி இடத்தில் சேமிக்கப்படுகிறது. அதனால் படம், ஆப், மெசேஜ் எல்லாம் போனாலும் அந்த ஒன்று மட்டும் போகாது. திருடியவன் போனை அழித்து விற்க முடியாமல் செய்வதுதான் நோக்கம். பின்னும் பேட்டர்னும் தொல்லை என்று திரையைப் பூட்டாமல் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பாதுகாப்பே கிடையாது.

ஆக, நான் செய்த முதல் தவறு பட்டனை அழுத்தி அழித்தது. திருடனும் அதையேதான் செய்வான். போனுக்கு இருவரையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. செட்டிங்ஸ் வழியாக ரீசெட் செய்தால் போன் முதலில் உங்கள் பின்னைக் கேட்கும். அதைப் போட்டதும், அழிப்பது உரிமையாளர்தான் என்று புரிந்துகொண்டு பொதுவாகப் பூட்டை விட்டுவிடும். அப்படியும் நான் வரிசையை மாற்றுவதில்லை. முதலில் செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ் பகுதிக்குப் போய் கூகுள் அக்கவுண்ட்டை நீக்க வேண்டும். இரண்டு மூன்று இருந்தால் எல்லாவற்றையும். சாம்சங், ஷாவ்மி போன்களில் அந்தந்த கம்பெனியின் அக்கவுண்ட்டும் இருக்கலாம். அதற்குத் தனிப் பூட்டு உண்டு, பலர் கோட்டை விடுவது இங்கேதான். அப்புறம்தான் ரீசெட். ஐபோனில் இதே வேலையைச் செய்யும் ஆக்டிவேஷன் லாக் 2013இல் ஐஓஎஸ் 7 உடன் வந்தது. அதில் தொலைந்த போனைத் தேட உதவும் ஃபைண்ட் மை வசதியை அணைத்து, ஆப்பிள் அக்கவுண்ட்டிலிருந்து வெளியே வந்துவிட்டு அழிக்க வேண்டும்.

இன்னொரு தவறு, விற்கிற நாளில் பாதுகாப்புக்காக என்று கூகுள் பாஸ்வேர்டை மாற்றுவது. பாஸ்வேர்டை மாற்றினால் 24 மணி நேரம் கழித்துத்தான் ரீசெட் செய்ய வேண்டும் என்று கூகுளே சொல்கிறது. இல்லாவிட்டால் புதுப் பாஸ்வேர்டைச் சரியாகப் போட்டாலும் பூட்டு திறக்காமல் போகலாம். நானும் இதில் ஒரு நாள் காத்திருந்தேன். அப்பாவின் சிம் நம்பரையும் பெயரையும் கொடுத்து கூகுளின் மீட்புப் பக்கத்தில் அந்த ஐடியைத் தேடி எடுத்தேன். நல்லவேளை, அந்தப் பையன் ஐடி போடும்போது அப்பாவின் நம்பரையே கொடுத்திருந்தான். பாஸ்வேர்டை மாற்றிவிட்டு மறுநாள் போட்டதும் திறந்துகொண்டது.

அந்த ஒரு நாள் பொறுக்க முடியாமல்தான் பலர் யூடியூபில் பூட்டைக் குறுக்கு வழியில் தாண்டும் பைபாஸ் வீடியோ தேடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அந்தத் தந்திரங்களில் பெரும்பாலானவை ஏதோ ஒரு ஓட்டையை நம்பியவை. அடுத்த அப்டேட்டில் அது அடைபட்டுவிடும். ஆண்ட்ராய்டு 15இல் பூட்டை இன்னும் இறுக்கிவிட்டார்கள்: குறுக்கு வழியில் உள்ளே போனாலும் போன் மறுபடி உரிமையாளரின் அடையாளத்தைக் கேட்கும். அதைவிட என்னைப் பயமுறுத்துவது, அந்த வீடியோக்களில் இறக்கச் சொல்லும் பெயர் தெரியாத ஆப்கள். பேங்க் ஆப் வைத்துப் பயன்படுத்தப் போகும் போனில் அதை ஏற்றுவது, வீட்டுச் சாவியை வழிப்போக்கனிடம் கொடுப்பதற்குச் சமம். உங்கள் போன்தான் என்றால் பில்லை எடுத்துக்கொண்டு கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போய்க் கேளுங்கள். ஆப்பிளில் வாங்கிய ஆதாரத்தைக் காட்டி விண்ணப்பிக்கவே வழி இருக்கிறது.

செகண்ட் ஹேண்ட் போன் வாங்குகிறவர்கள் செய்யும் தவறுதான் பணத்தோடு போவது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் கடையாக இருந்தாலும் பக்கத்துத் தெருக்காரராக இருந்தாலும், மொழி கேட்கும் முதல் திரையை மட்டும் பார்த்துவிட்டு, "புதுசு மாதிரியே இருக்கு" என்று பணத்தைக் கொடுக்காதீர்கள். பூட்டு அந்தத் திரையில் தெரியாது, இன்டர்நெட் கொடுத்த பிறகுதான் முகத்தைக் காட்டும். உங்கள் ஹாட்ஸ்பாட்டைக் கொடுத்து, உங்கள் ஜிமெயிலைப் போட்டு, ஹோம் ஸ்கிரீன் வரும்வரை விற்பவர் எதிரிலேயே இருக்கட்டும். பழைய அக்கவுண்ட்டைக் கேட்டால், அவரே தன் கையால் போட்டு நீக்கித் தர வேண்டும். "வீட்டுக்குப் போய் பாஸ்வேர்டு அனுப்புறேன்" என்றால் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள். விற்பவர் பக்கமும் ஒரு வார்த்தை: யாருக்கும் பாஸ்வேர்டை வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள், நேரில் போய்ப் போடுங்கள்.

கூடவே *#06# அடித்தால், ஒவ்வொரு போனுக்கும் தனியாக உள்ள அடையாள எண்ணான ஐஎம்இஐ வரும். KYM என்ற மூன்று ஆங்கில எழுத்துகள், ஒரு இடைவெளி, அந்த எண் என்று 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால், அந்த எண் செல்லுபடியாகிறதா, எந்த மாடலுக்கு உரியது என்று பதில் வரும். கையில் இருக்கும் போனோடு அது பொருந்தவில்லை என்றால் வாங்க வேண்டாம்.

உங்கள் அப்பா அம்மா போனில் எந்த ஜிமெயில் இருக்கிறது என்று இன்றைக்கே செட்டிங்ஸைத் திறந்து பாருங்கள். கடையில் போட்டுக் கொடுத்த ஐடியாக இருந்தால், போன் திறந்திருக்கும்போதே பாஸ்வேர்டை மாற்றி, மீட்பு எண்ணாக உங்கள் நம்பரையும் சேர்த்துவிடுங்கள். அப்பாவின் புதுப் போனுக்கும் அத்தைக்குக் கொடுத்த போனுக்கும் அப்படித்தான் செய்தேன். இரண்டு ஐடியையும் கேஸ் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். பாஸ்வேர்டை மட்டும் அதில் எழுதவில்லை.