பொறியியல் பீடத்துக்கு விருப்பு வரிசை போடும்போது

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள்: பொறியியல் வேறு, பொறியியல் தொழில்நுட்பம் வேறு. முதலாவதுக்கு ஏ.எல்லில் (உயர்தரப் பரீட்சையில்) இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் வேண்டும். மற்றது தொழில்நுட்பப் பிரிவுக்காரருக்கு.

இது திருகோணமலை மாணவர்களுக்கு. இங்குள்ள கோணேசபுரி வளாகத்தில் (கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம்) பொறியியல் பீடம் இல்லை. ஆகவே வீட்டை விட்டுப் போகத்தான் வேண்டும்: மொறட்டுவை, பேராதனை, ஸ்ரீ ஜயவர்தனபுர, ருகுணு, தென்கிழக்கு, யாழ்ப்பாணம். பெயரைப் பார்த்து இடத்தைத் தீர்மானிக்காதீர்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் கிளிநொச்சி அறிவியல்நகரில் இருக்கிறது, ருகுணுவினுடையது காலியில்.

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் வெட்டுப்புள்ளி அட்டவணையில் திருகோணமலை நிரலை மட்டும் எடுத்து, குறைந்தது மூன்று வருடங்களை அருகருகே எழுதுங்கள். வெட்டுப்புள்ளி என்பது கடைசியாக உள்ளே போன மாணவரின் இஸட் புள்ளி, அதாவது பாடங்களை ஒப்பிடக்கூடியவாறு தரப்படுத்திய ஏ.எல் புள்ளி. இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைக்கேற்ப, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. திருகோணமலை அந்தப் பட்டியலிலும் உண்டு. சிறிய மாவட்டம் என்பதால் ஓரிருவர் கூடிக் குறைந்தாலே புள்ளி தாவும். போன வருடத்தை மட்டும் நம்பி ஒரு பீடத்தை வெட்டிவிடாதீர்கள்.

பலரும் பிழைவிடுவது வரிசையில்தான். "இது நிச்சயம் கிடைக்கும்" என்று கிட்டடியில் உள்ளதை முதலாவதாகப் போடுகிறார்கள். கிடைத்தும் விடுகிறது, கீழே எழுதியவற்றுக்குப் புள்ளி போதுமாக இருந்தாலும் ஆணைக்குழு பிறகு அவற்றைப் பார்க்காது. எட்டாததை மேலே போட்டால் கீழே உள்ளதற்கான வாய்ப்பு குறையாது. ஆசையின் ஒழுங்கிலேயே எழுதுங்கள்.

படிப்புச் சுமையையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் ஒரு கிரெடிட் 50 மணித்தியாலம், சொந்தப் படிப்பும் சேர்த்து. மூன்று கிரெடிட் பாடங்கள் ஐந்து என்றால் 750 மணித்தியாலம். 15 வார செமஸ்டர் ஒன்றில் வாரம் 50. அதுவும் முழுக்க ஆங்கிலத்தில். தமிழில் ஏ.எல் எழுதியவர் பெறுபேறு வரும்வரையுள்ள மாதங்களில் இணைந்த கணிதத்தையே ஆங்கிலப் புத்தகத்தில் திரும்பச் செய்வது நல்லது. ஸ்போக்கன் இங்கிலிஷ் வகுப்பைவிட இது உதவும். மொறட்டுவை, பேராதனை போன்ற இடங்களில் சிவிலா கம்பியூட்டரா என்பதைத் தொடக்கப் பொதுப்பாடங்களின் பெறுபேறு தீர்மானிப்பதால், ஆங்கிலத்தில் தடுமாறும் அந்த முதல் மாதங்களே துறையையும் பறித்துவிடும்.

கடைசியாக, இலங்கைப் பொறியியலாளர் நிறுவகத்தின் அங்கீகாரம். பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் உடன்படிக்கையில் 2014 முதல் இலங்கை முழு உறுப்பு நாடு; வெளிநாட்டில் பட்டம் செல்லுபடியாக இது முக்கியம். அங்கீகாரம் பல்கலைக்கழகத்துக்கல்ல, ஒவ்வொரு பாடநெறிக்கும் தனித்தனியே. பாடநெறியின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.