குடும்ப செபமா, குற்றப்பத்திரிகையா?

எங்கள் கத்தோலிக்கப் பங்கில் அன்பியக் கூட்டம், அதாவது அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்து செபிக்கும் கூட்டம், ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு வீட்டில் நடக்கும். சின்னப் பிள்ளை உள்ள வீடு என்றால், கூட்டம் முடிந்து காபி வரும் நேரத்தில் அந்த இளம் அம்மா என் பக்கத்தில் வந்து உட்காருவாள். "அக்கா, இவன் செபத்துக்கு உக்காரவே மாட்டேங்கிறான், என்ன செய்யலாம்?" மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறவள் என்பதால் என்னிடம் மருந்து இருக்கும் என்று நினைப்பு. மருந்தெல்லாம் இல்லை. என் பிள்ளைகள் சிறுசாக இருந்தபோது எங்கள் வீட்டில் நடந்த அதே கூத்து இப்போது வீட்டுக்கு வீடு நடப்பதைப் பார்க்கிறேன், அவ்வளவுதான்.

பூசைக்குப் பிந்தி வராதீர்கள், பிரசங்கத்தின்போது பிள்ளை கையில் போனைக் கொடுக்காதீர்கள் என்பதையெல்லாம் பங்குச் சாமியாரே அறிவிப்பில் சொல்லிவிடுகிறார். அவற்றை விட்டுவிடலாம். சின்னப் பிள்ளைகளைச் செபத்துக்கும் பூசைக்கும் பழக்கும்போது வீட்டில் நாம் செய்கிற வேறு சில தவறுகளைச் சொல்கிறேன்.

வெறும் வயிற்றோடு பூசைக்கு

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசையில் அழுகிற பிள்ளைகளில் பலர் பசியில்தான் அழுகிறார்கள். "நன்மை வாங்குற வரைக்கும் ஒண்ணும் சாப்பிடக்கூடாது" என்று வீட்டில் ஆச்சி சொல்லியிருப்பார். நன்மை என்றால் பூசையில் வாங்கும் நற்கருணை. ஆச்சிக்கு அவருடைய அம்மா சொன்னது அது. அந்தக் காலத்தில் அதுதான் சட்டம். நள்ளிரவிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்துதான் நற்கருணை வாங்கினார்கள். 1953-இல் திருத்தந்தை 12-ஆம் பயஸ் தண்ணீர் குடிக்கலாம் என்றார். 1957-இல் உபவாசம் மூன்று மணி நேரமானது. 1964-இல் ஆறாம் பவுல் அதையும் ஒரு மணி நேரமாக்கினார். இதெல்லாம் நன்மை வாங்குகிறவர்களுக்கு. புதுநன்மையே, அதாவது முதல் நற்கருணையே, எடுக்காத பிள்ளைக்கு எதற்கு உபவாசம்? இரண்டு இட்லியை ஊட்டிவிட்டுக் கூட்டி வாருங்கள்.

மன்றாட்டில் பிள்ளை மேல் புகார்

எனக்கு இன்னும் எரிச்சல் தீராத தவறு இது.

இரவு எட்டு மணி. மெழுகுதிரி ஏற்றி, பாய் விரித்து, ஒரு பாட்டுப் பாடி, செபமாலையும் சொல்லியாயிற்று. இனி ஆளுக்கொரு மன்றாட்டு. அம்மா கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பிக்கிறாள்: "ஆண்டவரே, இவன் இன்னைக்கு ஸ்கூல்ல ரப்பரைத் தொலைச்சிட்டு வந்திருக்கான். கேட்டா பொய் சொல்றான். தங்கச்சியைக் கிள்ளுறான். நீங்கதான் இவனுக்கு நல்ல புத்தி குடுக்கணும்." உடனே அப்பா, ஆச்சி, ஊரிலிருந்து வந்திருக்கும் சித்தி எல்லாரும் ஒரே குரலில்: "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்." ஐந்து வயதுப் பையனும் சேர்ந்து சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அதற்கு வேறு முதுகில் ஒன்று விழும்.

இது நடந்த ஒரு வீட்டில் நான் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். பையன் தலையைக் குனிந்துகொண்டு பாயின் ஓரத்தில் கோரையை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டிருந்தான். அவன் முறை வந்தது. "ஒண்ணுமில்ல" என்றான். "ஏசப்பாகிட்ட மன்னிப்புக் கேளு" என்றாள் அம்மா. மறுபடியும் "ஒண்ணுமில்ல."

வேறு என்ன சொல்வான்? சமையலறையில் வைத்து அம்மா திட்டியிருந்தால் எதிர்த்துப் பேசலாம், அழலாம், "அவதான் முதல்ல கிள்ளுனா" என்று நியாயம் கேட்கலாம். செபத்தில் குறுக்கே பேசக்கூடாது என்று அவனுக்குத் தெரியும். அம்மா ஏசப்பாவையும் தன் கட்சியில் சேர்த்துவிட்டாள். ரப்பர் எப்படித் தொலைந்தது என்ற அவன் பக்கத்துக் கதையை இனி யாரிடம் போய்ச் சொல்வது?

சில பிள்ளைகள் வாயை மூடிக்கொள்ளும். சில பிள்ளைகள் வித்தையைக் கற்றுக்கொள்ளும். வேறொரு வீட்டில் ஒரு வாண்டு கையைக் கூப்பிக்கொண்டு, "ஏசப்பா, அத்தை போன் பண்ணா அம்மா எடுக்கவே மாட்டேங்கிறாங்க, அவங்களுக்கு நல்ல புத்தி குடுங்க" என்றது. அந்த அத்தை பக்கத்தில்தான் இருந்தார். 'கேட்டருளும்' சொல்வதா வேண்டாமா என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

இதைச் சிரித்துக் கடந்துவிடலாம். சிரிக்க முடியாத இடம் புதுநன்மை வகுப்பு. முதல் பாவசங்கீர்த்தனத்துக்கு, அதாவது சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறுவதற்கு, தயார்செய்யும்போது, "கண்ணை மூடி யோசிங்க, யாருக்காவது மனசு நோக என்ன செஞ்சோம்?" என்று கேட்பேன். யோசிக்கவே மாட்டார்கள். கீழ்ப்படியல, பொய் சொன்னேன், தங்கச்சியை அடிச்சேன் என்று மனப்பாடமாக வரும், அம்மா மன்றாட்டில் சொல்கிற அதே வரிசையில். ஒரு பையன், "டீச்சர், நான் என்னென்ன பாவம் செஞ்சேன்னு அம்மாகிட்ட கேட்டு எழுதிட்டு வரவா?" என்றான். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. தன் குற்றம் என்ன என்பதை அடுத்தவர்தான் சொல்வார்கள் என்று அவன் உண்மையாகவே நம்பியிருந்தான். வீட்டில் வருஷக்கணக்காக நடந்ததை நான் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேர வகுப்பில் எப்படி மாற்றுவது?

இதைச் சொன்னால், "அப்போ பிள்ளைக்காக வேண்டிக்கவே கூடாதா?" என்று சண்டைக்கு வருவார்கள். தாராளமாக வேண்டிக்கொள்ளுங்கள், அவன் தூங்கிய பிறகு. அவன் காது கேட்கச் செய்வதானால் நன்றி சொல்லுங்கள். "இன்னைக்கு ஆச்சிக்கு செம்புல தண்ணி எடுத்துக் குடுத்தான், நன்றி ஆண்டவரே." இப்படி ஒன்று எந்த நாளிலும் அகப்படும், அகப்படவில்லை என்றால் நீங்கள் சரியாகப் பார்க்கவில்லை.

திட்ட வேண்டியதைச் சாயங்காலமே திட்டி முடித்துவிடுங்கள். மெழுகுதிரி ஏற்றும்போது கணக்கு மிச்சம் இருக்கக்கூடாது. சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் இருந்தால் காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய்ச் சமாதானம் செய் என்று மத்தேயு 5-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. ஐந்து வயதுப் பிள்ளையும் அந்தக் கணக்கில் வரும்.

அப்புறம், மன்றாட்டைப் பிள்ளையிலிருந்தே ஆரம்பியுங்கள். பெரியவர்கள் சொல்லி முடிப்பதற்குள் அது தூங்கிவிடும். கோழிக்குஞ்சு வேண்டும், நாளைக்கு மழை பெய்து ஸ்கூல் லீவு விட வேண்டும் என்று கேட்டால் கேட்கட்டும். திருத்தாதீர்கள். மழைக்கும் எல்லாருமாகச் சேர்ந்து 'கேட்டருளும்' சொல்லுங்கள்.

ஐம்பத்து மூன்று மணியும்

முட்டி போட்டு முழுச் செபமாலையும் சொல்லவைத்தால், பிள்ளை மணியை எண்ணாது, இன்னும் எத்தனை மிச்சம் என்று எண்ணும். பள்ளிக்கூடம் போகாத வயதுக்கு ஒரு பத்து மணி போதும். அதையும் அதன் கையில் செபமாலையைக் கொடுத்து நகர்த்தவிடுங்கள். மறைபொருளை, அதாவது ஒவ்வொரு பத்து மணிக்கும் நினைத்துக்கொள்ளும் இயேசு, மாதா வாழ்க்கை நிகழ்ச்சியை, கதையாகச் சொல்லலாம். வியாழக்கிழமை என்றால் ஒளியின் மறைபொருள்கள். 2002-இல் இரண்டாம் யோவான் பவுல் சேர்த்துக்கொடுத்தவை. அதில் கானாவூர் கல்யாணம் வரும். ஆறு கல்தொட்டி, தண்ணீர், திராட்சை ரசம் என்று சொல்ல ஆரம்பித்தால் பிள்ளைகள் அசைய மாட்டார்கள். பிறகு விளக்கை அணைக்கும் முன் நெற்றியில் சிலுவை போட்டு அனுப்புங்கள். அதை ஒரு நாள் மறந்தாலும் பிள்ளையே வந்து கேட்கும்.

"சாமி கண்ணைக் குத்தும்"

குத்தாது. சொல்லாதீர்கள்.

கடைசி பெஞ்சு

அங்கிருந்து பிள்ளைக்குத் தெரிவது முன்னால் நிற்பவர்களின் முதுகு மட்டும்தான். பீடம் தெரிகிற இடத்தில் உட்காருங்கள்.

தவக்காலத்து முட்டை

நாற்பது நாளும் வீட்டில் கவிச்சி இல்லை என்பது பெரியவர்கள் எடுத்த முடிவு, நல்ல முடிவு. சுத்தபோசனச் சட்டம் (இறைச்சி தவிர்ப்பது) 14 வயது முடிந்தவர்களுக்குத்தான், ஒருசந்தி (ஒருவேளை மட்டும் முழுச் சாப்பாடு) 18 முடிந்தவர்களுக்கு. மூன்று வயதுக்கு முட்டையை நிறுத்தி யாருக்கு என்ன புண்ணியம்? அது தானாகவே ஒரு மிட்டாயை விட்டுக்கொடுத்து உண்டியலில் காசு போட்டால் அதுவே நிறைய.

"சாமியார்கிட்ட என்ன சொன்னே?"

முதல் பாவசங்கீர்த்தனம் முடிந்து கோயில் வாசலுக்கு வருவதற்குள் இந்தக் கேள்வி விழுந்துவிடும். கேட்டதை வெளியில் சொல்லச் சாமியாருக்கே அனுமதியில்லை, உயிர் போனாலும். நீங்கள் பிள்ளையின் வாயைப் பிடுங்குகிறீர்கள். ஒன்றும் கேட்காமல் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்து வீட்டுக்குக் கூட்டிப் போங்கள்.