டிவி ஸ்டாண்டு நாமே செய்யும்போது எங்கே தவறுகிறோம்

டிவி ஸ்டாண்டு செய்யலாம் என்று முடிவெடுத்த அன்றைக்கே பிளைவுட் கடைக்குக் கிளம்பிவிடாதீர்கள். முதலில் டேப்பை எடுங்கள். டிவி, ஏவி ரிசீவர் (ஸ்பீக்கர்களுக்குச் சத்தம் அனுப்புகிற ஆம்ப்ளிஃபையர் பெட்டி), செட்டாப் பாக்ஸ், சென்டர் ஸ்பீக்கர், மோடம் என்று ஸ்டாண்டில் எதெல்லாம் உட்காரப் போகிறதோ எல்லாவற்றையும் தரையில் பரப்பி, ஒயர்களைச் செருகிய நிலையிலேயே அகலம், உயரம், ஆழம் மூன்றையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். சேலத்தில் எங்கள் வீட்டுக்கும் சொந்தக்காரர்களுக்குமாக இதுவரை மூன்று ஸ்டாண்டு செய்திருக்கிறேன். கெட்டுப்போன இடங்கள் எல்லாமே, சாமானைப் பார்க்காமல் கையில் கிடைத்த பலகையைப் பார்த்து அளவு வைத்த இடங்கள்தான்.

ஆழத்தில்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். பிளைவுட் ஷீட் 8-க்கு 4 அடி. அந்த நாலு அடியை மூன்றாகக் கிழித்தால் ஒவ்வொன்றும் 16 அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவாக வரும், ஏனென்றால் ரம்பம் ஒவ்வொரு அறுப்புக்கும் ஒரு நூல், அதாவது எட்டில் ஒரு அங்குலம், தின்றுவிடும். வேஸ்டே இல்லை என்று கடையிலும் இதைத்தான் சொல்வார்கள், நமக்கும் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் ரிசீவர் ஒன்றே 13 முதல் 15 அங்குலம் ஆழம் இருக்கும், அதன் முதுகில் எச்டிஎம்ஐ கேபிளும் ஸ்பீக்கர் ஒயரும் வளைந்து இறங்க இன்னும் 3 அங்குலமாவது வேண்டும். 16 அங்குலத்தில் செய்தால் ஒன்று ரிசீவர் முன்னால் துருத்திக்கொண்டு நிற்கும், இல்லையென்றால் கேபிள் முனை சுவரில் நசுங்கும். 18 அங்குலம் வையுங்கள். ஷீட்டில் மிஞ்சுகிற 12 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான துண்டு இழுப்பறைக்கும் காலுக்கும் சரியாகப் போய்விடும்.

நீளத்துக்கு வருவோம். 55 அங்குல டிவி என்றால் அது மூலைக்கு மூலை அளவு. அகலம் 48 அங்குலத்தை ஒட்டி வரும். இப்போது வருகிற பல டிவிகளுக்குக் கால் நடுவில் இல்லை, இரண்டு ஓரத்திலும் இருக்கிறது. அதனால் கால்களுக்கு இடைப்பட்ட தூரத்தை உங்கள் டிவியிலேயே அளந்து, இரண்டு பக்கமும் மூன்று நான்கு அங்குலம் கூடுதலாக விட்டு மேல்பலகையை வெட்டுங்கள்.

உயரத்தைப் பற்றி இணையத்தில் சொல்வதெல்லாம் சோபாவில் உட்காருகிறவர்களுக்கான கணக்கு. சோபாவில் உட்கார்ந்தால் கண் தரையிலிருந்து 40 அங்குலத்துக்கு மேலே இருக்கும். நம் வீடுகளில் அப்பா சோபாவில் இருப்பார், பிள்ளைகளும் அம்மாவும் பாயில் இருப்பார்கள், பாயில் இருப்பவர்களின் கண் 30 அங்குலத்துக்குள்தான் வரும். 55 அங்குல டிவியின் நடுப்பகுதி ஸ்டாண்டின் மேலிருந்து ஏறக்குறைய 16 அங்குலத்தில் நிற்கிறது. ஸ்டாண்டை 30 அங்குலத்துக்குச் செய்துவிட்டால் தரையில் இருப்பவர்கள் படம் முடிகிற வரைக்கும் கழுத்தை அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் 18 அங்குலம் வைத்தேன், இரண்டு பேருக்கும் ஒத்துவருகிறது.

மர விஷயத்தை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், இதில் நான் நிறைய இழந்திருக்கிறேன். ஏற்காடு காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு சில்வர் ஓக் நிறுத்தியிருப்பார்கள், அதில் மிளகுக் கொடி ஏறியிருக்கும். நாகலூர் பக்கம் இருக்கிற எங்கள் மாமா, காற்றில் சாய்ந்த ஒரு மரத்தை அறுத்துப் பலகையாக்கி எனக்காக எடுத்துவைத்திருந்தார். இழைத்துப் பார்த்தால் அவ்வளவு அழகு, வெட்டிய பக்கத்தில் சின்னச் சின்னப் புள்ளிகளாக ரேகை ஓடும். அறுத்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. மலையில் பனியிலும் மழையிலும் கிடந்த பலகையை இருபது கொண்டை ஊசி வளைவு இறக்கிக் கீழே கொண்டுவந்து, ஐந்தே நாளில் ஸ்டாண்டு அடித்து பாலிஷும் போட்டுவிட்டேன். சித்திரையில் ஒரு மத்தியானம் ‘டப்’ என்று சத்தம். மேல்பலகையின் ஓரத்திலிருந்து நடுப்பகுதி வரை கோடு விழுந்திருந்தது, ராத்திரிக்குள் அதில் பத்து ரூபாய்க் காசை நிறுத்தலாம் என்கிற அளவுக்கு விரிந்துவிட்டது. தப்பு மரத்தில் இல்லை. பச்சைப் பலகை காயும்போது குறுக்குவாட்டில் சுருங்கும், நான் அதை இரண்டு பக்கமும் பசையும் ஸ்க்ரூவும் போட்டு அசையவிடாமல் பிடித்து வைத்திருந்தேன், அதனால் பிளந்தது. அங்குலத் தடிமன் பலகையை நிழலில், இடையில் குச்சி கொடுத்து அடுக்கி, ஒரு வருஷமாவது காயவிடுங்கள். அப்புறம் அந்த ஸ்டாண்டு நிற்கப்போகிற அறையிலேயே இரண்டு வாரம் போட்டுவைத்து எடுங்கள். பொறுமை இல்லை என்றால் பிளைவுட்டே நல்லது.

பிளைவுட்டில் இந்தியத் தர எண் பாருங்கள்: ஐ.எஸ். 303 என்றால் சாதாரண ஈரம் தாங்குவது, ஐ.எஸ். 710 என்றால் தண்ணீரையே தாங்குகிற மரைன் பிளை. சேலத்தில் ஹாலுக்குள் வைக்க முதல் வகை போதும். ஏற்காட்டில் ஐப்பசி மழைக்குச் சுவர் ஓதம் இழுக்கிற வீடு என்றால் 710 வாங்குங்கள், சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளியும் வையுங்கள், ஒட்டி வைத்தால் பின்பக்கம் பூஞ்சை பூத்துவிடும். மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்கிற பார்ட்டிகிள் போர்டு வேண்டவே வேண்டாம். தினமும் வீடு துடைக்கிற தண்ணீர் அடி ஓரத்தில் ஏறி, ஊறவைத்த ரஸ்க் மாதிரி உப்பிப்போகும். எந்தப் பலகையானாலும் தரையில் நேராக உட்காரக் கூடாது, நாலு அங்குலம் கால் கொடுங்கள், துடைப்பமும் உள்ளே போகும், கரையான் ஏறினாலும் கண்ணில் படும். மைக்கா ஒட்டினால் இரண்டு பக்கமும் ஒட்டுங்கள். காசு மிச்சம் என்று மேலே மட்டும் ஒட்டினால் பலகை ஒரு பக்கமாக வளையும்.

ஐந்து அடி நீளத்துக்கு நடுவில் தாங்கலே இல்லாமல் ஒரே தட்டாக விடுவது இன்னொரு தவறு. ஆறு நூல் பிளை கனமானதுதானே என்று தோன்றும். ஆனால் அதே எடைக்கு நீளம் இரண்டு மடங்கானால் தொய்வு எட்டு மடங்காகும். நடுவில் ஒரு செங்குத்துப் பலகை கொடுத்துவிட்டால் அந்தத் தொல்லையே இல்லை. ஸ்க்ரூ போடும்போது ஜிப்சம் வேலைக்கு வருகிற கருப்பு ஸ்க்ரூவைப் போடாதீர்கள், அது கெட்டியாகத் தெரியும், பக்கவாட்டில் எடை வந்தால் பட்டென்று ஒடியும். மர ஸ்க்ரூ வாங்கி, முதலில் சின்ன ஓட்டை போட்டு அப்புறம் முடுக்குங்கள்.

பின்பலகையை மொத்தமாக அடைத்தால் ரிசீவர் வெந்துபோகும். கோடைக் காலத்தில் நம் ஊரில் அறையே கொதிக்கிறது, அதற்குள் ஒரு மூடிய பெட்டி, அதற்குள் சூடு கக்குகிற ரிசீவர். சூடு தாங்காமல் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அதுவே அணைந்துவிடும், பாதிப் படத்தில் சத்தம் நின்றுபோனால் பலரும் ரிப்பேர் என்று நினைத்துக் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். அதற்காகப் பின்பலகையே வேண்டாம் என்று விட்டால் ஸ்டாண்டு பக்கவாட்டில் ஆடும். ஸ்டாண்டில் ரிசீவர் இல்லாத அறைக்கு மட்டும் 6 எம்எம் பிளை அடியுங்கள், ரிசீவர் இருக்கிற அறையின் முதுகைத் திறந்தே விடுங்கள், அதன் தலைக்கு மேல் ஆறு அங்குலம் காலியிடம் இருக்கட்டும்.

சென்டர் ஸ்பீக்கரைத் தட்டின் உள்ளே தள்ளி வைத்தால் வசனம் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருக்கும், முன் விளிம்புக்கு இழுத்து, முகத்தைக் கொஞ்சம் மேலே தூக்கி வையுங்கள். சவுண்ட்பார் வாங்குகிற எண்ணம் இருந்தால் அது டிவியின் ரிமோட் கண்ணை மறைக்குமா என்று முன்கூட்டியே பாருங்கள். சப்வூஃபரை ஸ்டாண்டுக்குள் வைக்கவே கூடாது, மொத்தப் பெட்டியும் அதிரும், தரையில் தனியாக வையுங்கள். முன்னால் கதவு வேண்டும் என்றால் கண்ணாடி போடுங்கள், மரக் கதவு வழியாக செட்டாப் பாக்ஸ் ரிமோட் வேலை செய்யாது.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் இதைத் தயவுசெய்து நாளைக்கு என்று தள்ளிப்போடாதீர்கள். இழுப்பறையை இழுத்து, அதில் கால் வைத்து ஏறி, மேலே இருக்கிற டிவியைத் தொடப் பார்க்கிற வயது ஒன்று உண்டு, அப்போது எடை முழுக்க முன்பக்கம் வந்து ஸ்டாண்டு டிவியோடு சாயும். ஸ்டாண்டின் பின் மேல்விளிம்பை இரண்டு எல் கிளாம்ப் போட்டுச் சுவரோடு பிடியுங்கள், டிவியைத் தனியாகப் பட்டை போட்டுக் கட்டுங்கள். செங்கல் சுவர் என்றால் பூச்சில் நிற்காமல் கல்லுக்குள் இறங்குகிற நீளத்தில் ஆங்கர் போல்ட் வாங்குங்கள். பழைய வீட்டுப் பூச்சு ஒரு அங்குலத்துக்கு மேலேகூட இருக்கும், டிரில் போடும்போது வெளியே வருகிற தூள் சாம்பல் நிறத்திலிருந்து சிவப்பாக மாறுகிறதா என்று பார்த்துக்கொண்டே இறக்குங்கள்.