வால்வு ரேடியோவைத் திறக்கும் முன் வீட்டு மெயினை இறக்குங்கள்

பழைய ரேடியோ வாங்கிய நண்பர்கள் பலரும் ஒரே குறையைத்தான் சொல்கிறார்கள். ஸ்டேஷன் வருகிறது, ஆனால் பின்னால் ஓயாத இரைச்சல், முள்ளை எங்கே கொண்டு போனாலும் ர்ர்ர் என்று அரைக்கிறது. உடனே பின் அட்டையைக் கழற்றிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். கும்பகோணத்தில் என் வீட்டில் இருக்கும் ஐந்து வால்வு (கண்ணாடிக் குழாய்) செட்டில் மூன்று வாரம் உட்கார்ந்து பேப்பர் கண்டென்சர்களை ஒவ்வொன்றாக மாற்றினேன், ஈசிஹெச்81 வால்வைக்கூட மாற்றிப் பார்த்தேன், திருச்சி வானொலியின் 936 கிலோஹெர்ட்ஸுக்குப் பின்னால் இருந்த இரைச்சல் துளியும் குறையவில்லை. அப்புறம் ஒரு நாள், மாதாந்திரப் பராமரிப்புக்காகத் தெரு முழுக்கக் கரண்ட் நிறுத்தியிருந்த காலை நேரத்தில், பேட்டரியில் ஓடும் சின்ன டிரான்சிஸ்டரைத் திருகினேன். பட்டப்பகலில் சென்னை 720 அவ்வளவு சுத்தமாகக் கேட்டது. கரண்ட் வந்த நொடியில் அது இரைச்சலுக்குள் முங்கிப் போனது.

அன்று புரிந்ததுதான் இங்கே நான் சொல்லப்போவது. இந்த ஸ்டேஷன்கள் வரும் மத்திய அலை (மீடியம் வேவ்) செத்துவிடவில்லை, நம் வீட்டுச் சாமான்களின் சத்தத்துக்கு அடியில் கிடக்கிறது. செட்டில் குறை இருக்கலாம், இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் அதைக் கடைசியில் பாருங்கள்.

ஏன் மத்திய அலைக்கு மட்டும் இந்தக் கஷ்டம்? மத்திய அலையில் வருவது ஏஎம் ஒலிபரப்பு, அதில் அலையின் உயரம்தான் பேச்சும் பாட்டும். வெளியிலிருந்து வந்து சேரும் எந்த மின் இரைச்சலும் அந்த உயரத்தோடு ஒட்டிக்கொள்ளும், செட்டால் பிரித்துப் பார்க்க முடியாது. இன்று வீட்டில் இருக்கும் சார்ஜர், எல்இடி பல்பு, செட்டாப் பாக்ஸ் அடாப்டர் எல்லாம் உள்ளே கரண்டை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டித்தான் வேலை செய்கின்றன. ஒரு அடாப்டர் 60 கிலோஹெர்ட்ஸில் வெட்டினால் அதன் மடங்குகள் 540, 600, 660 என்று டயல் நெடுக ஏறி நிற்கும். 1960-களில் செட் செய்தவர்கள் இப்படி ஒரு வீட்டை நினைத்தே பார்த்திருக்க மாட்டார்கள்.

சரி, சோதனைக்கு வருவோம். தேவையானது பேட்டரியில் ஓடும், முள் டயல் வைத்த, சின்ன மத்திய அலை டிரான்சிஸ்டர் ஒன்று. அதை வால்வு செட்டின் பக்கத்தில் வைத்து, ஸ்டேஷன் இல்லாத இடத்தில், 1400-க்கும் 1600-க்கும் நடுவில் எங்காவது, முள்ளை நிறுத்தி, வால்யூமைக் கூட்டிக்கொள்ளுங்கள். இப்போது வீட்டு மெயின் ஸ்விட்சை இறக்குங்கள். இங்கே பலர் ஒரு தப்பு செய்கிறார்கள்: மெயினை இறக்கியதும் இன்வெர்ட்டர் தானாகக் கிளம்பிவிடும், அதுவே, அதிலும் சதுர அலை வகையாக இருந்தால், வீட்டிலேயே பெரிய இரைச்சல் மூலம். ஆகவே முதலில் இன்வெர்ட்டரை முழுக்க அணைத்துவிட்டு அப்புறம் மெயினை இறக்குங்கள். செல்போனையும் அதன் பவர் பேங்கையும் தள்ளி வையுங்கள்.

சத்தம் நின்றுவிட்டதா? குற்றவாளி உங்கள் வீட்டுக்குள்தான். எம்சிபி (ஒவ்வொரு லைனுக்கும் உள்ள ஸ்விட்ச்) எல்லாவற்றையும் இறக்கிவிட்டு, மெயினை ஏற்றி, அவற்றை ஒவ்வொன்றாகப் போட்டு, எதைப் போடும்போது சத்தம் வருகிறது என்று பார்த்து, அந்த லைனில் இருக்கும் பிளக்குகளை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். சாமானில் இருக்கும் ஸ்விட்சை அணைப்பது போதாது, பிளக்கையே பிடுங்க வேண்டும், ஏனென்றால் ஸ்டாண்ட்பையில் கிடக்கும் அடாப்டர்களும் இரையும். என் வீட்டில் பிடிபட்டது செட்டாப் பாக்ஸ் அடாப்டர், டிவியைப் பார்க்காத நேரத்திலும் இருபத்துநாலு மணி நேரமும் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது.

சத்தத்தின் குணத்தை வைத்தே பாதி ஊகித்துவிடலாம், இதற்குக் காது பழக வேண்டும். சுழற்றும் குமிழ் வைத்த எலக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டர் கரடுமுரடாக உறுமும், ஃபேனை முழு வேகத்தில் வைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். சார்ஜர் சத்தம் முள்ளைத் திருகும்போது குறிப்பிட்ட இடைவெளியில் திட்டுத் திட்டாக ஏறி இறங்கும். காலையில் வெயில் ஏறியதும் தொடங்கி பொழுது சாய்ந்ததும் தானாக நின்றுபோனால், யார் வீட்டு மொட்டை மாடியிலோ சோலார் இருக்கிறது. நொடிக்கொரு தரம் டக், டக் என்று கடிகாரம் போல விழுந்தால் அது தோட்டத்து மின்வேலி, வேலியில் செடியோ கொடியோ சாய்ந்து தொட்டுக்கொண்டிருந்தால் சத்தம் இன்னும் கூடும், அதை வெட்டிவிட்டாலே பாதி தீரும். மிக்சி, தையல் மிஷின் மோட்டார் எல்லாம் ஓடும்போது மட்டும்தான், அவற்றைப் பொறுத்துக்கொள்ளலாம்.

கண்டுபிடித்தபின் என்ன செய்வது? முடிந்தால் அந்தச் சாமானையே மாற்றிவிடுவதுதான் மேல். ஃபேனுக்குக் கண்டென்சர் வைத்த ஸ்டெப் ரெகுலேட்டர் போட்டால் உறுமல் போய்விடும். எல்இடி பல்பு வாங்கப் போகும்போது டிரான்சிஸ்டரைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர்க் கடைகளில் பல்பை ஹோல்டரில் போட்டு எரியவிட்டுத்தானே தருகிறார்கள், அந்த நேரத்தில் ரேடியோவைப் பக்கத்தில் பிடித்தால் போதும். ஒரே விலையில் ஒன்று அலறும், இன்னொன்று மூச்சுக்கூட விடாது, விலையைப் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியவில்லை. வைஃபை ரூட்டருக்கு இரும்பு டிரான்ஸ்ஃபார்மர் வைத்த பழைய மாதிரி அடாப்டர் கிடைத்தால் நல்லது, வோல்டும் ஆம்பியரும் சரியாக இருக்க வேண்டும், ரெகுலேட்டர் ஐசி போட்டதாகவும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சுமை இல்லாதபோது வோல்டேஜ் ஏறி ரூட்டரைக் கெடுத்துவிடும்.

மாற்ற முடியாத சாமான்களுக்கு ஃபெரைட் (இரும்பு ஆக்சைடு கலந்த கறுப்புப் பீங்கான்) வளையம். இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வயரின் மேல் கவ்விவிடும் சின்ன ஃபெரைட்டை ஒன்று மாட்டிவிட்டு "ஒன்றும் பலனில்லை" என்று விட்டுவிடுகிறார்கள். அந்த ஒரு சுற்று மத்திய அலை அளவுக்கு அநேகமாக ஒன்றுமே செய்யாது. தடுக்கும் திறன் சுற்றுகளின் வர்க்கமாகக் கூடும்: பத்துச் சுற்று சுற்றினால் பத்து மடங்கல்ல, நூறு மடங்கு. ஆகவே பெரிய துளையுள்ள வளையமாக வாங்கி, அடாப்டரின் வயரை எட்டுப் பத்துச் சுற்று உள்ளே விட்டு இழுங்கள். சென்னை ரிச்சி தெருவில் பழைய பவர் சப்ளைகளிலிருந்து பிடுங்கிய ஃபெரைட்டுகள் கிடைக்கும். வளையம் இரைகிற சாமானுக்கு ஒட்டினாற்போல் இருக்கட்டும், ரேடியோ பக்கம் அல்ல. சத்தம் வீட்டு வயரிங் முழுக்க ஏறிவிட்டால் அந்த வயரிங்கே ஏரியலாகிவிடும், அப்புறம் ரேடியோவின் வயரில் எதைச் சுற்றினாலும் அரைகுறைதான்.

மெயினை இறக்கியும் சத்தம் நிற்கவில்லை என்றால் அது வெளியிலிருந்து வருகிறது. டிரான்சிஸ்டரின் உள்ளே இருக்கும் ஃபெரைட் தண்டு திசை காட்டும்: தண்டின் முனை சத்தத்தின் மூலத்தை நோக்கும்போது சத்தம் அடங்கும், தண்டு அதற்குக் குறுக்கே நிற்கும்போது கூடும். அடங்கும் இடம்தான் கூர்மையாகத் தெரியும், அதை வைத்துத் தேடுங்கள். இரண்டு மூன்று இடங்களில் நின்று பார்த்தால் கோடுகள் எங்கே வெட்டுகின்றன என்று தெரிந்துவிடும். ஆனால் மின்கம்பி ஓடும் தெருவில் இது ஏமாற்றும், சத்தம் கம்பியோடு வெகுதூரம் பயணப்படும். அங்கே முள்ளை டயலின் மேல்முனைக்கும், சிற்றலை இருந்தால் அதற்கும் கொண்டு போங்கள். அலைவரிசை ஏற ஏற சத்தம் மூலத்துக்குப் பக்கத்தில் மட்டுமே கேட்கும், கம்பத்தை நெருங்குவது எளிதாகும். மழை பெய்ததும் சத்தம் நின்றுபோனால் எங்கோ கழன்ற போல்ட் அல்லது கம்பிக்கட்டில் பொறி அடிக்கிறது. பனியிலும் ஈரத்திலும் கூடினால், அதுவும் கடலோர ஊர்களில், இன்சுலேட்டரில் உப்பும் அழுக்கும் படிந்திருக்கிறது. கம்பத்தின் எண்ணைக் குறித்து மின்வாரியத்தில் புகார் கொடுங்கள். கம்பத்தைத் தட்டிப் பார்ப்பது, ஸ்டே கம்பியை ஆட்டிப் பார்ப்பது எதுவும் வேண்டாம், உயிருக்கு ஆபத்து.

பக்கத்து வீடு என்றால் ரேடியோவைக் கையில் எடுத்துக்கொண்டு போய்க் கேட்கவைப்பதுதான் நான் கண்ட வழி. "உங்க பல்பு சத்தம் போடுது அக்கா" என்று வாயால் சொன்னால் யாருக்கும் விளங்காது. ஒரு தரம் கேட்கவைத்து, நல்ல பல்பு ஒன்றை நாமே வாங்கிக் கொடுத்துவிட்டால் பிரச்சினை அதோடு முடியும்.

அப்புறம் ஏரியல். அந்தக் காலத்து வீடுகளில் கூடத்தில் சுவருக்குச் சுவர் செம்புக் கம்பி வலைப் பட்டை ஒன்று தொங்குமே, அது அன்றைய வீட்டுக்குப் பொருத்தமாக இருந்தது. இன்று வீட்டுக்குள் கட்டும் எந்தக் கம்பியும் ஸ்டேஷனோடு சேர்த்து இரைச்சலையும் அள்ளிக்கொண்டு வரும். இடம் இருந்தால் 10 முதல் 15 மீட்டர் கம்பியைக் கொல்லைப்பக்கம், மின்கம்பிக்கு எட்டாத தூரத்தில், அதற்குக் குறுக்குவாக்கில் கட்டுங்கள். தனியாக ஒரு எர்த் கம்பியை ஈரமான மண்ணில் அடித்து அதையே பயன்படுத்துங்கள், வீட்டு பிளக்கின் எர்த்தில் எல்லாச் சாமானின் அழுக்கும் ஓடுகிறது. சித்திரைக் கோடை இடியிலும் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் ஏரியலைச் செட்டிலிருந்து கழற்றி வெளியிலேயே விட்டுவிட வேண்டும்.

மாடி வீட்டில், அபார்ட்மெண்டில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது சட்ட ஏரியல். ஒவ்வொரு பக்கமும் 60 சென்டிமீட்டர் வருகிற மாதிரி மரச்சட்டத்தில் குறுக்குக் கட்டை செய்து, பிளாஸ்டிக் உறையுள்ள சாதாரண வயரை அரை சென்டிமீட்டர் இடைவெளி விட்டு 11 சுற்று சுற்றுங்கள், சுமார் 27 மீட்டர் பிடிக்கும். இரண்டு முனைகளையும் பழைய வால்வு செட்டின் கேங் கண்டென்சரில் (முள்ளைத் திருகும்போது சுழலும் தகட்டுக் கண்டென்சர்) ஒரு பகுதியோடு, சுமார் 500 பிகோஃபாரட், இணைத்தால் மத்திய அலை முழுக்க ட்யூன் ஆகும். தனியாக ஒரே ஒரு சுற்று வயர் சேர்த்து, அதன் இரு முனைகளை வால்வு செட்டின் ஏ (ஏரியல்), ஈ (எர்த்) சாக்கெட்டுகளில் கொடுங்கள். டிரான்சிஸ்டருக்கு அதுகூட வேண்டாம், பக்கத்தில் வைத்தாலே பிடித்துக்கொள்ளும். சட்டத்தின் விளிம்பு ஸ்டேஷனைப் பார்த்தால் முழுப் பலம், முகம் பார்த்தால் அடங்கும். எனக்கு வடக்கே சென்னை 720, தெற்கே இலங்கைப் புத்தளத்தின் 882, இரண்டும் கிட்டத்தட்ட ஒரே வாக்கில். மேற்கே இருக்கும் திருச்சி அப்போது முகத்துக்கு நேரே வந்து அடங்கிவிடுகிறது, பக்கத்து அலைவரிசைகளில் அது வழிவதும் நின்றுவிடுகிறது. ஒரு தெருக் கம்பத்தின் இரைச்சலையும் இதே மாதிரி முகத்துக்கு நேராகத் திருப்பி அடக்கலாம்.

இத்தனைக்கும் பிறகு மிஞ்சுவதுதான் செட்டின் குறை. ஸ்டேஷன் இல்லாத இடத்தில் அமைதி, ஸ்டேஷன் வந்ததும் மட்டும் ஹம் என்றால், ஏரியல் சமிக்ஞை வீட்டு வயரிங் வழியாகச் சுற்றி ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையரில் புகுந்து கரண்டின் துடிப்பை ஏந்தி வருகிறது. ஃபில்டர் கண்டென்சரை மாற்றினால் இது போகாது. ஃபியூசுக்கும் ஸ்விட்சுக்கும் பிறகு லைனுக்கும் நியூட்ரலுக்கும் குறுக்கே 0.1 மைக்ரோஃபாரட் எக்ஸ்2 வகைக் (மெயினுக்குக் குறுக்கே போடவென்றே செய்த) கண்டென்சர் போட்டுப் பாருங்கள், அதுவும் அந்த வகை மட்டும்தான், சாதாரணக் கண்டென்சர் வெடித்துத் தீப்பிடிக்கும். யுசிஹெச், யுஎல் என்று தொடங்கும் வால்வுகள் போட்ட, டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத ஏசி/டிசி செட்டுகளில் சேசிஸே (உள்ளே இருக்கும் தகட்டுச் சட்டம்) மெயினோடு நேராக இணைந்திருக்கும், அதில் எர்த் வயரைச் சேசிஸில் கட்டக் கூடாது, செட்டை மெயினிலிருந்து பிரித்து வைக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் திறக்கவும் கூடாது. ஸ்டேஷனைப் பிரித்தெடுக்கும் ஐஎஃப் டிரான்ஸ்ஃபார்மர்களின் திருகை இரைச்சலுக்காகத் திருகாதீர்கள், அதற்கும் இரைச்சலுக்கும் சம்பந்தமில்லை.

சில சத்தங்கள் நம் கையில் இல்லை. ஆகாசவாணியின் சில டிரான்ஸ்மிட்டர்கள் டிஆர்எம் டிஜிட்டல் ஒலிபரப்பையும் சேர்த்து அனுப்புகின்றன, பழைய செட்டில் அது ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் சீரான ஹிஸ் என்று கேட்கும். இரவில் தூரத்து ஸ்டேஷன்கள் வானத்திலிருந்து திரும்பி வரும்போது, நம் பகுதியில் ஸ்டேஷன்கள் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் இருப்பதால், பக்கத்துப் பக்கத்து அலைகள் மோதி மெல்லிய விசில் அடிக்கும். டோன் குமிழைக் கொஞ்சம் இறக்கி, சட்ட ஏரியலை இரண்டு மூன்று டிகிரி மட்டும் நகர்த்திப் பாருங்கள். ஏதோ ஒரு கோணத்தில் விசில் கரைந்து பாட்டு மட்டும் நிற்கும், அந்த இடத்தில் தரையில் ஒரு சுண்ணாம்புக் கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.