லெதர் சீட்டுக்கு எண்ணெய் தேய்க்காதீர்கள்: பழைய கார் வைத்திருப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய கார்களைத் தேடிப் பிடித்து வாங்குகிற இளைஞர்கள் இப்போது நிறையப் பேர். பழைய பென்ஸ், முதலில் வந்த ஆக்டேவியா, அக்கார்ட் என்று ஆசையாக வாங்குகிறார்கள். இன்ஜினுக்கு நல்ல மெக்கானிக் யார், பெயின்ட்டுக்கு யார் என்று ஊரெல்லாம் விசாரிக்கிறார்கள். சீட் விஷயத்தில் மட்டும் யாரையும் கேட்பதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு வாளித் தண்ணீர், பழைய பனியன் துணி, சமையலறையில் இருந்து ஏதோ ஒரு பாட்டில், அவ்வளவுதான். கொஞ்ச நாளில் வண்டி பட்டறைக்கு வந்து நிற்கிறது. நானும் என்னோடு தொழில் படித்தவர்களும் செய்த அதே தவறுகள், அதே வரிசையில். பார்க்கும்போது மனசு கேட்கவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சீட்டில் காபி கொட்டாதீர்கள், சாவிக்கொத்தைப் பின்பாக்கெட்டில் வைத்துக்கொண்டு உட்காராதீர்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

எது தோல், எது வினைல் என்று பார்க்காமல் ஆரம்பிப்பது

லெதர் சீட் என்று சொல்லி விற்ற காரிலும் பல நேரம் முழுக்கத் தோல் இருக்காது. உட்காருகிற இடமும் முதுகு சாய்கிற இடமும் தோல். பக்கவாட்டு, சீட்டின் பின்புறம், கதவுப் பலகை எல்லாம் வினைல், அதாவது தோல் மாதிரியே செய்த பிளாஸ்டிக். பழைய பென்ஸ் கார்களில் எம்பி-டெக்ஸ் என்று ஒரு வினைல் வரும். பல வருடம் ஓட்டியவர்களே அதைத் தோல் என்று நம்பிக்கொண்டிருப்பார்கள், அவ்வளவு நன்றாக இருக்கும். அதற்கு கண்டிஷனர், அதாவது தோல் காய்ந்து விறைக்காமல் இருக்கப் பூசுகிற கிரீம், போடுவது வீண் வேலை. மிதமான கிளீனரும் ஈரத்துணியும் போதும். சந்தேகம் இருந்தால் சீட்டுக்கு அடியில் கைவிட்டு ஓரத்து மடிப்பைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் நெய்த துணி மாதிரி இருந்தால் வினைல். நாரும் சொரசொரப்புமாக இருந்தால் தோல்.

தோல்தான் என்று தெரிந்துவிட்டால் அடுத்த கேள்வி, அதன் மேல் பூச்சு இருக்கிறதா என்பது. மறைவான இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். முத்தாக நின்றால் பூச்சு இருக்கிறது. உள்ளே இறங்கி அந்த இடம் கறுத்தால் பூச்சு இல்லாத தோல், அல்லது பூச்சு தேய்ந்து போய்விட்டது. நம் ஊரில் ஓடுகிற கார்களில் பெரும்பாலும் பூச்சு உள்ள தோல்தான். குரோம் உப்பு போட்டுப் பதனிட்ட மாட்டுத்தோல், அதன்மேல் நிறம், அதற்கும் மேல் நிறமில்லாத ஒரு மெல்லிய காப்பு. சீட்டைத் தடவும்போது உங்கள் கை தொடுவது அந்தக் காப்பை. நீங்கள் சுத்தம் செய்வதும் அதைத்தான்.

பளபளப்பைப் பார்த்து ஏமாறுவது

கம்பெனியில் இருந்து வரும்போது சீட் மினுங்காது, அடங்கிய நிறத்தில் இருக்கும். டிரைவர் சீட் பளபளவென்று இருந்தால் அது வியர்வையும் உடம்பு எண்ணெயும் வருடக்கணக்கில் படிந்த அழுக்கு. ஆர்ம்ரெஸ்ட்டைத் தூக்கி அதன் அடிப்பக்கத்து நிறத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மேலே தேன் நிறமாக இருப்பது உண்மையில் கிரீம் நிறமாக இருக்கும்.

எண்ணெய்

இதைப் பற்றி எத்தனை முறை சொன்னாலும் எனக்கு ஆறாது.

ஒரு பெரியவர் குன்னூரில் இருந்து தன் டபிள்யூ124 பென்ஸைக் கோயம்புத்தூருக்கு எடுத்து வந்தார். புனேயில் 1995-ல் தயாரிக்க ஆரம்பித்தார்களே, அந்த மாடல். வெளியே ஒரு கீறல் கிடையாது. உள்ளே கிரீம் நிறத் தோல். "தம்பி, சீட்டெல்லாம் பூஞ்சை புடிச்சிருச்சு. தொடச்சா போகுது, மறுநாள் காலைல திரும்ப வந்துருது" என்றார். டெட்டால் போட்டுத் துடைத்திருக்கிறார், வினிகர் போட்டிருக்கிறார், கடைசியில் பிளீச்சிங் பவுடர் தண்ணீர் வரைக்கும் போயிருக்கிறார்.

ஏசியைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பார்த்தேன். தையல் ஓட்டைகளைச் சுற்றியும், விரிசல் விட்ட இடங்களிலும் வெள்ளையாக ஒரு படலம் எழுந்து வந்தது. ஹேர் டிரையரை எடுத்துச் சூடு காட்டினேன். கண்ணெதிரே உருகி மறைந்தது. பூஞ்சை என்றால் சூட்டுக்கு உருகாது. இது கொழுப்பு. "ஐயா, தேங்காய் எண்ணெய் போட்டீங்களா?" என்று கேட்டேன். மாதம் தவறாமல் போட்டிருக்கிறார், அதுவும் நல்ல செக்கு எண்ணெய். தோல் காயக்கூடாது என்ற அக்கறையில் செய்தது. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறையும். குன்னூர்க் குளிருக்குக் கேட்கவா வேண்டும்? தினமும் காலையில் உறைந்து வெளியே தெரிந்திருக்கிறது.

சீட் கவரைக் கழற்றியபோது காறிப்போன எண்ணெய் வாடை முகத்தில் அடித்தது. தோலின் உள்பக்கம் திட்டுத்திட்டாகக் கறுத்திருந்தது. கீழே மெத்தை வரைக்கும் எண்ணெய் இறங்கியிருந்தது. முல்தானி மிட்டியைக் கெட்டியாகக் குழைத்துப் பூசி, காயவிட்டு, உதிர்த்து, மறுபடி பூசி எண்ணெயை உறிஞ்ச வைத்தோம். பின்சீட் தப்பித்தது. டிரைவர் சீட்டில் ஏறி இறங்கும்போது உரசுகிற அந்தப் பக்கத் திண்டு தப்பவில்லை. நன்றாகத் துடைத்து, எண்ணெய்ப்பசை எடுக்கிற டீகிரீசர் போட்டு, கலர் அடித்தும், நகத்தால் சுரண்டினால் பூச்சு பட்டையாக உரிந்து வந்தது. அடியில் எண்ணெய் இருக்கும்போது எந்தப் பூச்சும் பிடிக்காது. கடைசியில் அந்தத் துண்டையே வெட்டி எடுத்துப் புதுத் தோல் வைத்துத் தைத்தோம். பழைய தோலோடு புதுத் தோலின் நிறத்தைச் சேர்ப்பது தனிப் போராட்டம். எண்ணெயே போடாமல் சும்மா விட்டிருந்தால், அந்தத் திண்டுக்கு ஒரு நாள் வேலைதான் இருந்திருக்கும்.

ஏன் இப்படி ஆகிறது என்று புரிந்துகொண்டால் யாரும் எண்ணெய்ப் பாட்டிலைத் தொட மாட்டார்கள். தோலுக்கு எண்ணெய் வேண்டும் என்பது உண்மை. ஆனால் அது தோல் பதனிடுகிற டேனரியிலேயே கொடுத்தாகிவிட்டது. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் டேனரியில் வேலை பார்த்தவர்களைக் கேட்டால் ஃபேட்லிக்கர் என்பார்கள். தோல் ஈரமாக ஊறி இருக்கும்போதே, தண்ணீரில் கலந்த எண்ணெயைப் பெரிய டிரம்மில் சேர்த்துச் சூட்டோடு சுழற்றுவார்கள். நார் ஒவ்வொன்றிலும் சீராகப் படியும். அப்புறம் காயவைத்து, அதன்மேல் பூச்சு ஏற்றுவார்கள். பூச்சு ஏறிய பிறகு நீங்கள் மேலே தேய்க்கிற எண்ணெய்க்கு உள்ளே போக இரண்டே வழி: தையல் ஓட்டை, விரிசல். ஏற்கெனவே பலவீனமாக இருக்கிற அந்த இடங்களில்தான் எண்ணெய் மொத்தமாக இறங்குகிறது. அங்கே நார் தளர்ந்து ஊதுகிறது, மேல்பூச்சு அடியில் பிடிப்பை இழந்து தூக்குகிறது. விரிசல் பெரிதாகிறது. பெரிதானதும் "இன்னும் காய்ந்திருக்கிறது போல" என்று இன்னும் கொஞ்சம் எண்ணெய்!

மேலே தங்குகிற எண்ணெய் வேறு தன் பங்குக்கு தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உட்கார்ந்து எழும்போதெல்லாம் அந்தத் தூசி பூச்சை அராவும்.

நல்லெண்ணெய், விளக்கெண்ணெய், ஆலிவ் எண்ணெய் எல்லாமே இதே கதைதான். குதிரைச் சேணத்துக்கு எண்ணெய் போடுகிறார்களே என்று கேட்பார்கள். சேணத்தோல் பெரும்பாலும் மரப்பட்டையில் பதனிட்டது, மேலே இந்த மாதிரிப் பூச்சு கிடையாது. அதற்கென்று தனி எண்ணெயும் இருக்கிறது. அந்த வழக்கத்தை அப்படியே கார் சீட்டுக்குக் கொண்டுவந்து, வீட்டில் இருக்கிற பொருளே போதும் என்று வீடியோ போடுகிறவர்கள் மேல் எனக்கு உண்மையிலேயே கோபம். அவர்கள் எண்ணெய் போட்ட அன்றைக்கு சீட் அழகாக இருப்பதை மட்டும் காட்டுகிறார்கள். ஆறு மாதம் கழித்து அதே சீட்டை யாரும் காட்டுவதில்லை.

ஷூ பாலிஷும் வேண்டாம். அதில் இருக்கிற சாயம் வெள்ளை வேட்டியில் அப்படியே ஒட்டும்.

டேஷ்போர்டு பாலிஷை சீட்டுக்கும் அடிப்பது

பெரும்பாலான பளபளப்பு ஸ்பிரேக்களில் சிலிகான் இருக்கும். அடித்த அன்று சீட் வழுக்கும், பிரேக் போட்டால் உடம்பு முன்னே போகும். பெரிய சேதம் பின்னால் தெரியும். எப்போதாவது அந்தச் சீட்டுக்குக் கலர் அடிக்க நேர்ந்தால், பூச்சு சீராகப் படியாமல் மீன்கண் மாதிரி வட்டவட்டமாக விலகும். சிலிகானைத் தோலில் இருந்து முழுசாக எடுப்பது மிகவும் கடினம். பழைய கார் வாங்கும்போதே சீட் வழவழவென்று இருந்தால், விற்கிறவரிடம் என்ன போட்டார் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பாத்திர சோப்பு, ஆல்-பர்ப்பஸ் கிளீனர்

தோல் இயல்பிலேயே லேசான அமிலத்தன்மை உடையது. பிஹெச் 4, 5 பக்கம் இருக்கும். சோப்புக்கட்டி, சோப்புத்தூள், கடுமையான ஆல்-பர்ப்பஸ் கிளீனர் எல்லாம் காரம். 10-ஐத் தாண்டுவதும் உண்டு. ஒரு தடவை போட்டால் ஒன்றும் தெரியாது. மாதாமாதம் போட்டால் பூச்சு தன் மென்மையை இழந்து உடைய ஆரம்பிக்கும். தோலுக்கென்று விற்கிற கிளீனரையே வாங்குங்கள். ஒரு பாட்டில் பல மாதம் வரும்.

மேஜிக் ஸ்பாஞ்ச்

சுவர்க் கறையைத் தேய்த்து எடுக்க விற்கிற வெள்ளை ஸ்பாஞ்ச் இது. அழுக்கோடு சேர்த்துப் பூச்சையும் தேய்த்து எடுக்கும். வேண்டாம்.

பேனா மைக்கறைக்கு தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர்

மை போகும், கூடவே சீட்டின் நிறமும் போகும். 1960-களின் ஜாகுவார் போன்ற பழைய பிரிட்டிஷ் கார்கள் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அந்தக் காலத்து மேல்பூச்சு செல்லுலோஸ் லாக்கர். தின்னர் பட்டதுமே கரைந்து துணியோடு வந்துவிடும். பழைய மைக்கறை என்றால் அதோடு வாழப் பழகுங்கள், அல்லது அந்த இடத்துக்கு மட்டும் கலர் போடச் சொல்லுங்கள்.

ஸ்டீம் கிளீனர்

புதுக் காருக்கே யோசிப்பேன். பழைய தோலுக்கு, கூடவே கூடாது. ஈரமும் சூடும் சேர்ந்தால் தோல் சுருங்கும், சுருங்கியது திரும்பாது.

சீட்டின் மேலேயே ஸ்பிரே செய்வது

கிளீனரை சீட்டில் அடிக்காதீர்கள், பிரஷ்ஷில் அடியுங்கள். மென்மையான குதிரைமுடி பிரஷ் நல்லது. முதலில் வாக்வம் போட்டு, தையல் இடுக்கில் இருக்கிற மண்ணை எடுத்துவிட வேண்டும். அந்த மண்ணோடு பிரஷ் போட்டால் கீறல்தான் விழும். பிறகு ஒரு திண்டு, அதை முடித்து அடுத்த திண்டு. பிரஷ்ஷை வட்டமாக லேசாக ஓட்டினால் நுரை வெள்ளையாகக் கிளம்பி, கொஞ்ச நேரத்தில் டீ நிறத்துக்கு மாறும். அது காய்வதற்கு முன் மைக்ரோஃபைபர் துணியால் எடுத்துவிடுங்கள். காயவிட்டால் அழுக்கு மறுபடி அதே இடத்தில் உட்காரும். அடுத்து, பிழிந்த ஈரத்துணியால் ஒரு துடைப்பு. நுரை வெள்ளையாகவே வரும்வரை இதைத் திரும்பச் செய்யலாம். ஒரேயடியாக அழுத்தித் தேய்ப்பதைவிட மெதுவாக மூன்று முறை செய்வது நல்லது.

பொடிப்பொடியாக ஓட்டை உள்ள சீட் என்றால் இரட்டிப்புக் கவனம் வேண்டும். ஓட்டை வழியாக இறங்குகிற தண்ணீர் மெத்தையில் தங்கும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அது காயவே காயாது, அப்போது வருவது நிஜமான பூஞ்சை. சீட்டுக்கு அடியில் ஏர்பேக், சீட் மோட்டார் ஒயர்கள் இருக்கிற வண்டிகளில் கனெக்டரில் ஈரம் இறங்கினால் எச்சரிக்கை விளக்கு எரிய ஆரம்பிக்கும். வாட்டர் வாஷ் கடையில் "இன்டீரியரும் பண்ணிடலாம் சார்" என்று சொன்னால், பிரஷ்ஷும் துணியுமா, பைப்பா என்று கேட்டுவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள்.

வெயிலில் காயவைப்பது

நிழல், திறந்த கண்ணாடி, ஒரு ராத்திரி. அவ்வளவுதான்.

கண்டிஷனரை அள்ளிப் பூசுவது

பூச்சு நன்றாக இருக்கிற தோலில் கண்டிஷனர் உள்ளே போவது மிகக் கொஞ்சம். மேற்பரப்பு உரசாமல், காய்ந்து விறைக்காமல் வைத்திருப்பதுதான் அதன் வேலை. ஒரு திண்டுக்குப் பத்து ரூபாய் நாணயம் அளவு போதும். தண்ணீரில் கலந்த கிரீம் வகை வாங்குங்கள். துணியில் எடுத்துப் பரவலாகத் தேய்த்து, கால் மணி நேரம் விட்டு, மிச்சத்தை உலர்ந்த துணியால் ஒட்ட எடுத்துவிடுங்கள். விரலால் தடவினால் பிசுக்கு தெரியக்கூடாது. வருடத்துக்கு மூன்று, நான்கு தடவை போதும். சுத்தம் செய்யாத சீட்டில் மட்டும் போடவே போடாதீர்கள், அழுக்கைத்தான் பதப்படுத்துகிறீர்கள்.

இதையெல்லாம்விட சீட்டைக் காப்பது முன்கண்ணாடிக்கு வைக்கிற மறைப்புதான். வெயிலில் மூடி நிறுத்திய காருக்குள் சூடு 60 டிகிரியைத் தாண்டும். தோலைக் காயவைப்பது அந்தச் சூடும் வெயிலும்தான்.

விரிசலின் மேல் நேராகக் கலர் அடிப்பது

விரிசல் எந்தக் கிரீமுக்கும் மூடாது. முதலில் எண்ணெய்ப்பசை இல்லாமல் துடைக்க வேண்டும். ஓரத்தை நைசான உப்புத்தாளால் சமன் செய்து, விரிசலை நிரப்புகிற லெதர் ஃபில்லரை மெல்லிய அடுக்குகளாக ஏற்றி, அடுக்குக்கு அடுக்கு காயவிட்டு, அதற்கு மேல் நிறம், கடைசியில் காப்புப் பூச்சு. ஃபில்லர் இல்லாமல் கலர் மட்டும் அடித்தால் ஏறி இறங்குகிற பக்கம் சீக்கிரமே பழைய கோடுகள் தெரியும்.

வேலையை ஆரம்பிக்கும் முன் தோலுக்கு உயிர் இருக்கிறதா என்று பாருங்கள். விரிசல் பக்கத்தில் இரண்டு விரலால் கிள்ளி லேசாக இழுங்கள். நார் பிடித்து நின்றால் செலவு செய்யலாம். காகிதம் மாதிரிக் கிழிந்தால் அந்தத் துண்டை மாற்றியே ஆக வேண்டும். மாற்றும்போது 1 முதல் 1.2 மில்லிமீட்டர் தடிமனில், கார் சீட்டுக்கென்றே செய்த மாட்டுத்தோல் கேளுங்கள். செருப்புக்கு, கைப்பைக்கு வருகிற தோலைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். கழற்றிய பழைய துண்டை, அது எவ்வளவு நைந்திருந்தாலும், தையல் பிரித்து அப்படியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். புதுத் துண்டு வெட்டுவதற்கு அதுதான் பேட்டர்ன்.